காவடி வெயிலும் பிள்ளையின் வலிப்பும்

கேள்வி: மதுரையிலிருந்து மொரீஷியஸ் வந்து காத்ர் போர்னில் குடியிருக்கிறோம். தைப்பூசக் காவடி ஊர்வலத்துக்கு 3 வயது மகனையும் 8 மாத மகளையும் கூட்டிப் போக ஆசை. மேளச் சத்தம், சாம்பிராணிப் புகை, அலகு பார்த்துப் பயம், கொசு என்று ஏகப்பட்ட கவலை. போன வருடம் மகனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. வெயிலில் மறுபடி வராமலிருக்க, கிளம்பும் முன்பே பாரசிட்டமால் கொடுக்கச் சொல்லி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. காய்ச்சலில் உடம்புச் சூட்டை ஏற்றி வைப்பது மூளை. பாரசிட்டமால் அதைத்தான் இறக்கும். வெயிலில் ஏறுவது வெளியே போக வழியில்லாமல் உள்ளே தேங்கும் சூடு. அதற்கு எந்த சிரப்பும் கேட்காது. காய்ச்சல் வலிப்பையும் இந்த மருந்து முன்கூட்டித் தடுப்பதில்லை. அன்று காலை இருக்கும் காய்ச்சலை உங்கள் கண்ணிலிருந்து மறைக்கத்தான் உதவும். உடம்பு சுட்டால் பிள்ளை வீட்டில் இருக்கட்டும்.

6 மாதம் முதல் 5 வயது வரை வரும் இந்த வலிப்பு, ஒருமுறை வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குத் திரும்ப வரும். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே நின்றுவிடும், மூளையைக் கெடுக்காது. வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். கையில் இரும்புச் சாவி வேண்டாம், வாயில் கரண்டியோ தண்ணீரோ வேண்டவே வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸுக்கு 114-ஐக் கூப்பிடுங்கள்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. வெயிலில் நின்ற பிள்ளை தொட்டால் கொதிக்கிறான். கூப்பிட்டால் சரியாகத் திரும்பவில்லை, தள்ளாடுகிறான், உளறுகிறான், அல்லது அழுதுகொண்டிருந்தவன் திடீரென்று துவண்டு தோளில் சாய்கிறான். ‘அசதியில் தூங்கிவிட்டான்’ என்று விட்டுவிடும் இடம் இதுதான். எழுப்பிப் பேச்சுக் கொடுங்கள். தெளிவாக விழிக்கவில்லை என்றால் வெப்பத் தாக்கு என்றே வைத்துக்கொண்டு உடனே 114-ஐக் கூப்பிடுங்கள். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்றில்லை. வியர்த்துக்கொண்டே இருக்கும்போதும் வரும். அந்த நிலையில் வலிப்பும் வந்தால் 5 நிமிடமெல்லாம் எண்ணிக் காத்திருக்காதீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் கிடத்திச் சட்டையைக் கழற்றி, இருக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள். மயங்கிக் கிடக்கும் வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள்.

சின்னவளைத் தள்ளுவண்டியில் வைத்துத் துண்டால் மூடுவது நிழல் தருவதாகத் தோன்றும். காற்று நின்று, உள்ளே அடுப்பாகிவிடும். மார்போடு கட்டினாலும் உங்கள் சூடு அவளுக்கு. அவ்வப்போது இறக்கிவிடுங்கள், அடிக்கடி பால் கொடுங்கள்.

ஓ.ஆர்.எஸ். கொண்டுபோவதானால் பாக்கெட்டைப் படியுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்தது பெரும்பாலும் 1 லிட்டருக்கு. பிரெஞ்சுத் தயாரிப்புகளில் பல 200 மில்லிக்கு. லிட்டர் பாக்கெட்டைச் சின்ன பாட்டிலில் கொட்டினால் உப்பு ஐந்து மடங்கு. சும்மா தாகத்துக்குத் தண்ணீரே போதும்.

மற்றவை? அலகு பார்த்துப் பயந்தால் தூக்கிக்கொண்டு நகருங்கள், பழகிவிடுவான். ஆஸ்துமா இல்லாத பிள்ளைக்குச் சாம்பிராணி பெரும்பாலும் கண்ணைக் கரிப்பதோடு சரி. மேளத்துக்குப் பஞ்சு போதாது. காதை மூடும் மஃப் வாங்குங்கள், மேளக்காரர்களை ஒட்டி நிற்காதீர்கள். டெங்கு கொசு பகலில் கடிக்கும், முழுக்கைப் பருத்திச் சட்டை போடுங்கள். ஆனால் அந்தக் கொசு அதிகம் வளர்வது உங்கள் பூந்தொட்டித் தட்டுத் தண்ணீரில்தான்.

செருப்பைக் கழற்றச் சொன்னால் முதலில் உங்கள் புறங்கையைத் தார்ச்சாலையில் 5 நொடி வையுங்கள். உங்களுக்குச் சுட்டால் அவனைத் தூக்கிக்கொள்ளுங்கள். காவடி கட்டிப் புறப்படும் ஆற்றங்கரையிலேயே காலையில் பார்த்துவிட்டு, 10 மணிக்குள் வீடு திரும்புங்கள். மலைக்கோயிலுக்கு ஏறுவதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.