தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கு: பல் மருத்துவரின் கேள்வி-பதில்

என் வீட்டுக்காரருக்கு 44 வயது, விசைப்படகில் போகிறார். தூங்கும்போது பல்லை நறநறவென்று கடிக்கிறார். வயிற்றில் பூச்சி என்கிறார் மாமியார். பூச்சி மருந்து கொடுக்கலாமா? (பாம்பன் வாசகி)

இதற்காகப் பூச்சி மருந்து வேண்டாம் அம்மா. பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது உண்டு; ஆண், பெண் வித்தியாசம் இல்லை. குழந்தைகளிடம் இன்னும் அதிகம், வயது ஏற ஏறக் குறையும். தூக்கம் சில நொடி கலையும்போது இதயத் துடிப்பு கூடும், கூடவே தாடைத் தசையும் இயங்கத் தொடங்கும். அதனால் நான் பல்லைப் பார்க்கும் முன்பே கேட்பது, குறட்டை உண்டா, மூச்சு நின்று நின்று வருகிறதா என்றுதான். உண்டு என்றால் முதலில் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம் பீடி: புகைப்பவர்களிடம் பல் கடிப்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு. மதுவும், படுக்கும் முன் குடிக்கும் டீயும் சேர்ந்துகொள்ளும். கவலையும் ஒரு காரணம். டீசல் கடனும் எல்லைப் பயமும் உள்ள தொழிலில் அதற்கா பஞ்சம்? 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டிலேயே படுக்கிறாரே, அப்போது சத்தம் கூடுகிறதா, குறைகிறதா என்று கவனித்து வந்து சொல்லுங்கள்.

மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து காலையில் தாடை வலிக்கிறது. (கீழக்கரை)

செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸிடின் போன்றவை சிலருக்கு இப்படிச் செய்யும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

வலை பின்னுகிறேன். முன்பல் ஒன்றில் பள்ளம் விழுந்திருக்கிறது. தூக்கத்தில் கடிப்பதாலா? (தொண்டி)

நைலான் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறீர்களா? அப்படியானால் சந்தேகம் அதன்மேல்தான். தூக்கத்தில் கடித்தால் பற்களின் நுனி தட்டையாகத் தேயும். ஒரே பல்லில் பள்ளம் விழுவது அபூர்வம். கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

இரவில் மாட்டும் பல் உறை போட்டால் பழக்கம் நின்றுவிடுமா? (ஏர்வாடி)

நிற்காது. பல் தேயாமல் காக்கும், அவ்வளவுதான். அளவெடுத்துச் செய்ததாக இருக்கட்டும். பகலில் பல்லை இறுக்குவது வேறு விஷயம். அதை நீங்களே விடலாம். சாப்பிடும்போது தவிர மற்ற நேரம் உதடு மூடியிருக்கலாம், மேல்பல்லும் கீழ்பல்லும் தொடக் கூடாது. செல்போனைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி சோதித்துப் பாருங்கள்.