பச்சைப் பட்டினிக்குப் பச்சைப் புடவையா?

கேள்வி: சமயபுரம் மாரியம்மன் வருடத்தில் 28 நாள் பச்சை பட்டினி இருக்கிறாள் என்கிறார்கள். பக்தர்கள் தெய்வத்துக்காக விரதம் இருப்பது தெரியும். தெய்வமே எதற்கு விரதம் இருக்க வேண்டும்? அந்த நாட்களில் நாங்களும் பச்சைப் புடவைதான் கட்ட வேண்டுமா?
- ஒரு வாசகி, துறையூர்

பதில்: முதலில் உங்கள் கேள்வியில் விட்டுப்போன ஒரு ‘ப்’பைச் சேர்த்துவிடுகிறேன். பச்சைப் பட்டினி. புடவைக்கு மறக்காமல் ஒற்றுப் போட்டிருக்கிறீர்கள், பட்டினிக்குத்தான் விட்டுவிட்டீர்கள். உங்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. திருவிழா வந்தால் சாலை நெடுக நிற்கிற ஃப்ளெக்ஸ் பேனர்களில் ஒற்றைத் தேடிப் பாருங்கள், மருந்துக்குக்கூட இருக்காது. அதைப் பார்த்துப் பார்த்தே நம் கண்ணும் பழகிவிட்டது. இதை இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன், இனியும் எழுதுவேன்.

சரி, நிறத்துக்கு வருகிறேன். பச்சைத் தண்ணீர் என்கிறோம். அதற்கு என்ன நிறம்? பச்சைப் பால் வெள்ளை. பச்சரிசியும் வெள்ளை. சூளைக்குப் போகாத பானை பச்சைப் பானை, அது மண்ணின் நிறத்தில்தான் இருக்கிறது. பிறந்து ஒரு வாரமான பிள்ளையைப் பச்சைக் குழந்தை என்கிறோம். பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்கிறோம். ஆறாத புண் பச்சைப் புண். கூசாமல் சொல்கிற பொய் பச்சைப் பொய். குளிரில் நடுங்குகிறவனுக்குப் போர்வை கொடுக்கப் போய், “பச்சைத் தண்ணியில குளிச்சியா?” என்று கேட்கிற பாட்டி தண்ணீரின் நிறத்தையா விசாரிக்கிறாள்? வெந்நீர் வைத்துத் தர ஆள் இல்லையா என்று கேட்கிறாள். தீ படாதது, காயாதது, முற்றாதது, ஆறாதது எல்லாவற்றுக்கும் நம்மிடம் இந்த ஒரு சொல்தான். எனக்குத் தமிழில் மிகவும் பிடித்த பத்துச் சொற்களில் இதுவும் ஒன்று.

பச்சைப் பட்டினியிலும் அதே பச்சைதான். அடுப்பில் ஏறிய எதையும் அம்மன் தொடமாட்டாள். மாசி மாதத்தின் கடைசி ஞாயிறன்று பூச்சொரிதலோடு தொடங்கி, பங்குனிக் கடைசி ஞாயிறு வரை இது நடக்கும். வழக்கமான தளிகை அந்த நாட்களில் கிடையாது. துள்ளு மாவு, நீர்மோர், பானகம், இளநீர், கரும்பு, அவ்வளவுதான். துள்ளு மாவு பிசைந்து பார்த்திருக்கிறீர்களா? ஊறிய பச்சரிசியைத் துணியில் பரப்பி, ஈரம் முழுக்கப் போவதற்குள் இடித்துச் சலித்து, வெல்லத்தூள் சேர்த்துப் பிசைவார்கள். கையில் பிடித்தால் விரல் ரேகை பதியும், தொட்டால் உதிரும். நெருப்புக்கு அதில் வேலையே இல்லை.

‘பட்டினி’ என்ற சொல்லை ‘உபவாசம்’ என்று மாற்றச் சொல்லி எனக்கு ஒரு பெரியவர் வருடா வருடம் கடிதம் எழுதுவார். பட்டினி என்பது இல்லாதவன் கிடப்பது, தெய்வத்துக்கு அந்தச் சொல் கௌரவமாக இல்லை என்பது அவர் கட்சி. நான் மாற்றவில்லை. சோறு இல்லாமல் கிடந்த வீடுகள் தங்கள் வாயிலிருந்த சொல்லையே தங்கள் தாய்க்கும் கொடுத்திருக்கின்றன. அதைத் திருத்த எனக்கு என்ன உரிமை? இதே பெரியவர்தான் ஒருமுறை மாரியம்மனைச் ‘சிறுதெய்வம்’ என்று எழுதினார். அந்தச் சொல்லை இந்தப் பத்திரிகையில் நான் அச்சேற விடுவதில்லை. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் சமயபுரத்தாள் கொள்ளிடக் கரைக்கு வருகிறாள். ஸ்ரீரங்கத்திலிருந்து அண்ணன் அரங்கநாதர் பட்டும் மாலையும் மங்கலப் பொருளுமாகத் தங்கைக்குச் சீர் அனுப்புகிறார். அரங்கனே கூடப்பிறந்தவள் என்று முறை வைத்துச் சீர் செய்யும்போது, எந்த அளவுகோலை வைத்து அவளைச் சிறுதெய்வம் என்பீர்கள்? சீர் வாங்க வருகிற தங்கையைப் பார்க்கக் கொள்ளிட மணலில் நிற்கிற கூட்டத்துக்குப் பெரிது சிறிது எல்லாம் தெரியாது. வீட்டுப் பெண் வருகிறாள், அண்ணன் குறை வைக்கக் கூடாது, அவ்வளவுதான் அவர்கள் கவலை.

தெய்வத்துக்கு எதற்கு விரதம் என்று கேட்டிருந்தீர்கள். அசுரனைக் கொன்ற சினம் தணிய அம்மன் விரதம் இருந்தாள், தேவர்களும் முனிவர்களும் பூவைச் சொரிந்து அவளைக் குளிர்வித்தார்கள் என்று தலபுராணக் கதை சொல்வார்கள். பக்தர்கள் சொல்கிற காரணம் வேறு. உலகத்துப் பிள்ளைகளுக்கு நோய்நொடி வரக் கூடாது என்று ஆத்தா நமக்காகப் பட்டினி கிடக்கிறாள் என்பார்கள். எனக்கு இதுதான் நெருக்கமானது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது என் தம்பிக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். அம்மா அன்றைக்கே எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது. தம்பிக்கு இளநீரும் மோரும் பானகமும். அவனுக்குத்தான் அந்தச் சாப்பாடு, நமக்கு என்ன என்று நானும் அப்பாவும் முணுமுணுத்தோம். அம்மா முணுமுணுக்கவில்லை. அவன் குடித்த மோரின் மிச்சத்தைச் சோற்றில் ஊற்றி, உப்புப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, மறுபடி அவன் பாயருகே உட்கார்ந்து வேப்பங்கொத்தால் தடவிக்கொடுப்பாள். வீட்டில் கடுகு வெடிக்கிற சத்தமே இல்லை. அம்மை இறங்கி, அவனுக்குத் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய மறுநாள் காலையில்தான் அந்தச் சத்தம் திரும்பக் கேட்டது. இன்றைக்கும் எனக்கு அது ஞாபகம் இருக்கிறது.

இப்போது அம்மனின் 28 நாள் நைவேத்தியத்தை மறுபடி படித்துப் பாருங்கள். நீர்மோர், பானகம், இளநீர். அது அம்மை கண்ட பிள்ளையின் சாப்பாடு. கோடை ஏறத் தொடங்கி, ஊரில் அம்மை போடுகிற அதே மாதங்களில், அம்மனும் நோயாளியின் ஆகாரத்துக்கு வந்துவிடுகிறாள். கைப்பிள்ளைக்குச் சளி பிடித்தால், மாந்தம் வந்தால், பால் கொடுக்கிறவள்தான் பத்தியம் இருப்பாள். பிள்ளைக்குப் பத்தியம் என்றால் என்ன தெரியும்? இதை எந்த நூலிலும் பார்த்து நான் எழுதவில்லை. அந்தப் பாயருகே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததால் எனக்குத் தோன்றுவது இது.

இதைப் படித்துவிட்டு, வேப்பிலை போதும், ஊசி வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். பெரியம்மை இந்த நாட்டை விட்டுப் போனது தடுப்பூசியால். இந்தியாவில் 1975-க்குப் பிறகு அது இல்லை. 1980-ல் உலகத்திலேயே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஊர் ஊராக, வீடு வீடாக நடந்து ஊசி போட்டவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். சின்னம்மைக்கும் இப்போது தடுப்பூசி இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சலோடு கொப்புளம் கண்டால் டாக்டரிடம் காட்டுங்கள், வேப்பிலையும் செருகுங்கள். இரண்டுக்கும் சண்டை இருப்பதாகச் சொல்கிறவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். வீட்டில் ஒரு பிள்ளை முனகிக்கொண்டு படுத்திருக்கும்போது எந்தத் தாயும் அந்தச் சண்டையில் சேருவதில்லை.

புடவைக்கு வருகிறேன். விரதம் இருக்கிறவர்கள் உடுத்துவது மஞ்சள். மாசிக் கடைசியில் சமயபுரம் போகிற சாலையில் நடந்து வருகிற கூட்டத்தைப் பாருங்கள், மஞ்சளாகத்தான் இருக்கும். உங்களிடம் மஞ்சள் புடவை இல்லையென்றால், வெளுத்த பழைய புடவையை மஞ்சள் கரைத்த தண்ணீரில் முக்கிக் காயவைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். புதிது வாங்கக் கடன் வாங்காதீர்கள்.

பூத்தட்டு எடுப்பதானால் இன்னொன்று. பூவைப் பாலிதீன் பையில் கட்டி, பையோடு தட்டில் வைத்துத் தலையில் சுமந்து வருகிறவர்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். உள்ளே வேர்த்து, கோயில் வாசல் வருவதற்குள் பூ புழுங்கிவிடுகிறது. அவளைக் குளிர்விக்கத்தானே இத்தனை தூரம் நடக்கிறோம்? மூங்கில் தட்டில் வாழையிலை விரித்து, உதிரிப் பூவாக எடுத்துப் போங்கள். சரமாகக் கட்ட வேண்டாம், அது சொரிகிற பூ.