இத்தாலியில் சின்ன மலையூருக்குப் போவது வீணா?

கேள்வி: "முதல் முறையாக இத்தாலி போகிறோம். ரோம், வெனிஸ், பிசா எல்லாம் இருக்க, கடல் பக்கத்தில் ஏதோ சின்ன மலையூரில் தங்கச் சொல்கிறார் நண்பர். விவசாயம் செய்கிற ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?"

விவசாய ஊரில் பார்க்க ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு ஆறாது, அதனால் எழுதுகிறேன். லீவு குறைவு, குடும்பத்தோடு போகிறீர்கள், செலவு செய்த காசுக்கு நாலு பெரிய இடமாவது பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிறீர்கள், சரிதானே? ரோம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சண்டைக்கு யாரும் வராதீர்கள்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான் போன ஊர் பிஷோட்டா. நேப்பிள்ஸுக்குத் தெற்கே சிலெண்டோ பகுதியில் இருக்கிறது. கிட்டத்தட்ட 2,500 பேர் வாழும் ஊர். கடலிலிருந்து சுமார் 170 மீட்டர் உயரத்தில், வீடுகள் சரிவில் நெருக்கியடித்து ஏறி நிற்கும். நேப்பிள்ஸில் ரயில் ஏறி பிஷோட்டா-பாலினூரோ ஸ்டேஷனில் இறங்க வேண்டும். ஸ்டேஷன் கீழே, ஊர் மேலே. பஸ் குறைவு, அதனால் தங்குகிற வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

ஊரைச் சுற்றி ஆலிவ் தோப்புதான். ஊர்ப் பெயரிலேயே 'பிஷோட்டானா' என்று ஒரு ரகம் உண்டு. பல இடங்களில் ஆலிவ் மரத்தைக் கைக்கு எட்டும் உயரத்தில் கழித்து நிறுத்துவார்கள். இங்கே அவை ஓங்கி வளர்ந்த, தலைமுறை பல கண்ட மரங்கள். அறுவடைக் காலத்தில் அடியில் வலை விரித்துக் காயைச் சேர்ப்பார்கள். நாங்கள் போனபோது பூக்கிற பருவம், வலைகளைச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார்கள். அம்மா மரத்தை அண்ணாந்து பார்க்கவில்லை. சரிவில் சாந்து இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டியிருந்த தடுப்புகளைத்தான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "மண்ணு இறங்காம பிடிச்சு நிறுத்தறதுலயே பாதி ஆயுசு போயிருக்கும்டா" என்றார். உண்மைதான், அந்தப் பக்கத்து மண் நழுவும் மண். பக்கத்து ஊரான அஸ்சேயாவிலிருந்து வரும் கடலோரச் சாலையே மண்சரிவால் பல வருஷம் அவதிப்பட்டிருக்கிறது.

அப்புறம் கடல். மலைக்குக் கீழே மரீனா தி பிஷோட்டா என்ற சின்னத் துறை இருக்கிறது. வசந்தத்திலிருந்து கோடை வரை, கடல் அமைதியாக இருக்கும் நாட்களில், சாயங்காலம் படகெடுத்து நெத்திலி பிடிக்கப் போவார்கள். வலைக்குப் பெயர் மெனாய்க்கா. அதன் கண்ணில் சின்ன மீன் தப்பிவிடும், வளர்ந்தது மட்டும் சிக்கும். சிக்கிய மீனை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து, தலையும் குடலும் நீக்கி, உப்புத் தண்ணீரில் அலசி, மண்சாடியில் மீன் ஓர் அடுக்கு, உப்பு ஓர் அடுக்காக வைத்து, குறைந்தது மூன்று மாதம் ஊறவிடுகிறார்கள். இன்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

நாங்கள் மரக்காணம் பக்கம். உப்பளமும் நெத்திலியும் அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாடிகள் வைத்திருந்த அறையில் ஒரு பெரியவர் மீன் ஆய்ந்து காட்டினார். அம்மா ஒன்றை வாங்கித் தன் கட்டைவிரலால் நம் ஊர் முறையில் ஆய்ந்து காட்டினார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. ஆனாலும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். காலையில் வந்து மதியம் கிளம்புகிறவர்களுக்கு இதெல்லாம் கிடைக்காது. மதியம் கடை சாத்தினால் நாலு, ஐந்து மணி வரை ஊரே உறங்கும். வேலையும் பேச்சும் வெயில் தாழ்ந்துதான் தொடங்கும்.

இந்த ஊரைச் சொன்னதற்கு எங்களுக்கு விசா வேலை பார்த்துக் கொடுத்தவரிடம் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். "யாருக்கும் தெரியாத ஊர் போட்டா சந்தேகப்படுவாங்க, ரோம்னு போடுங்க" என்றார். அம்மாவின் பட்டா, சிட்டா, வங்கிக் கணக்கு எல்லாம் இருந்தும் "விவசாயிக்கு சம்பளச் சீட்டு இல்லையே" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நாற்பது வருஷம் நிலத்தில் உழைத்தவரிடம் சம்பளச் சீட்டு கேட்டால் அவர் எங்கே போவார்? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் விவசாயக் குடும்பத்திலிருந்து விண்ணப்பிக்கிறவர்களுக்கு இந்த வலி புரியும்.

"மீன் சாப்பிடாதவர்களுக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். கொண்டைக்கடலை போட்ட, நாடா போல அகலமான பாஸ்தா, காய்ந்த ரொட்டியை நனைத்துத் தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்த அக்வாசாலே, அந்த மண்ணின் வெள்ளை அத்தி எல்லாம் இருக்கிறது. மத்தியதரைக் கடல் உணவுமுறையை ஆராய்ந்த ஆன்செல் கீஸ் இதே சிலெண்டோவில் பியோப்பி என்ற ஊரில்தான் பல வருஷம் வாழ்ந்தார். 2004இல் இறந்தபோது அவருக்கு வயது 100. "வரலாறு வேண்டும்" என்றால், பக்கத்திலேயே வேலியா இடிபாடுகள் உண்டு. கிரேக்கத் தத்துவ ஞானிகள் பார்மெனிடீஸும் சீனோவும் வாழ்ந்த பழைய எலியா நகரம் அதுதான்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த ஊர் கஷ்டம், எங்கும் படிதான். ஆகஸ்டில் கூட்டம், தவிருங்கள். மீனுக்கு மே, ஜூன்; ஆலிவ் அறுவடைக்கு அக்டோபர், நவம்பர். பிசாவை வேண்டுமானால் விட்டுவிட்டு, இங்கே இரண்டு இரவாவது தங்குங்கள்.