மாவு கொட்டும் மூங்கில், வெடிக்கும் கரிசல்: கலை அமைப்புகள் பற்றி வாசகர் கேட்டவை

கேள்வி: எங்கள் பள்ளி வளாகத்தில் மாணவர்களோடு சேர்ந்து மூங்கிலில் ஒரு குவிமாடம் கட்டினோம். நாலே மாதத்தில் மாவு மாவாகக் கொட்டுகிறது, கட்டுகளும் தளர்ந்துவிட்டன. அடுத்தது ஒரு வருடமாவது நிற்க என்ன செய்ய வேண்டும்?
- வாசகி, திண்டிவனம்

பதில்: மாவு கொட்டுவது வண்டின் வேலை. மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தேடித்தான் அது துளைக்கிறது. சத்தைக் கரைத்து வெளியேற்றிவிட்டால் வண்டுக்கு அங்கே வேலை குறைவு. மூன்று வயது கடந்த மூங்கிலாக, மழை ஓய்ந்தபின் தை மாத வாக்கில் வெட்டியதாகக் கேட்டு வாங்குங்கள். வெட்டியதும் குளத்து நீரில் கல்லை ஏற்றி மூன்று, நான்கு வாரம் முழுக ஊறப் போடுங்கள். நாற்றம் எடுக்கும், குடிநீர்க் குளத்தில் போட்டுவிடாதீர்கள். பிறகு நிழலில் நிறுத்திவைத்து உலர்த்துங்கள், வெயிலில் போட்டால் வெடிக்கும். போராக்ஸ் 3 கிலோ, போரிக் அமிலம் 2 கிலோ, தண்ணீர் 100 லிட்டர் என்ற கரைசலும் நன்றாகவே காக்கும். ஆனால் கூரையில்லாத இடத்தில் மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். மிச்சக் கரைசலைச் செடிகொடிப் பக்கம் கொட்டினால் செடி கருகும். திறந்தவெளிக்கு ஊறல் முறையே போதும்.

கட்டு தளர்ந்ததற்குக் காரணம் பச்சை மூங்கில். காயும்போது அது சுற்றளவில் சுருங்குகிறது, கயிறு அப்படியே நிற்கிறது. உலர்ந்ததையே கட்டுங்கள். அப்படியும் இரண்டு வாரம் கழித்து ஒவ்வொரு கட்டிலும் குச்சி செருகி முறுக்கி மறுபடி இறுக்குங்கள். ஆணி அடித்தால் பிளாச்சு (மூங்கிலை நீளமாகப் பிளந்த பட்டை) நீளவாக்கில் பிளந்துவிடும். தேங்காய் நார்க் கயிறே நல்லது.

அளவுக்கு வருவோம். 12 அடி விட்டம், 6 அடி உயரம் என்றால் ஒரு வளைவுக்கு 19 அடி பிளாச்சு. இரு முனையிலும் ஓரடி கூட்டி 21 அடியாக வெட்டுங்கள். இப்படி 6 வளைவு போட்டால் தரையில் 12 கால், காலுக்குக் கால் ஏறக்குறைய 3 அடி. குறுக்கே மூன்று வளையம்: தரைமட்டத்தில் 38 அடி, 2 அடி உயரத்தில் 36, 4 அடி உயரத்தில் 28, ஒட்டுக்கு இன்னும் இரண்டிரண்டு அடி. ஒரு மூங்கிலில் நாலு பிளாச்சு வீதம் மூன்று மூங்கில் போதும் என்று கணக்கு சொல்லும்; வளைக்கும்போது முறிவதற்கும் சேர்த்து ஐந்து வாங்குங்கள். ஆறு வளைவும் உச்சியில் ஒரே புள்ளியில் சந்தித்தால் முடிச்சு பருத்து, மேலே இருப்பது வழுக்கும். உச்சியில் ஓரடி விட்டத்தில் ஒரு மூங்கில் வளையம் வைத்து, வளைவுகளை அதன் மேல் சற்றுச் சற்றுத் தள்ளிக் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

கால்களை மண்ணில் புதைக்காதீர்கள். ஈரம் ஏறி முதலில் இற்றுப்போவது அந்த இடம்தான். கல் மேல் நிறுத்தி, கல்லோடு கட்டுங்கள். தென்னங்கீற்றால் முழுக்க மூடினால் ஆடிக் காற்றில் படகின் பாய்போல் ஆகிவிடும், பாதியாவது திறந்திருக்கட்டும்.

கேள்வி: ஊர் மண்ணில் ஆளுயர யானை செய்தோம். மூன்றாம் நாளே பாளம் பாளமாக வெடித்துவிட்டது. சிமென்ட் கலக்கலாமா?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: வேண்டாம். கலந்தால் உருவத்தைப் பிரித்தபின் அந்த மண் எதற்கும் உதவாது. உங்கள் ஊர்க் கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும்; சிலைக்கு அது ஆகாத மண். செம்மண் தேடுங்கள். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குலுக்கி ஓர் இரவு வையுங்கள். அடியில் மணல், மேலே களி எனத் தனித்தனியாகப் படியும். களி தூக்கலாக இருந்தால் மணல் சேருங்கள். ஒரு பங்கு களிக்கு இரண்டு, இரண்டரை, மூன்று பங்கு மணல் எனச் சிறு கட்டிகள் செய்து காயவைத்து, வெடிக்காததைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு விரற்கடை நீளத்துக்கு நறுக்கிய வைக்கோலும் வேண்டும். ஒரேயடியாக அரையடி கனம் அப்பாதீர்கள். இரண்டங்குலம் பூசி, ஈரச் சாக்கால் மூடி, மெல்லக் காயவிட்டு அடுத்த பூச்சுக்குப் போங்கள். கண்மாய் மண் எடுப்பதாக இருந்தால் முதலில் வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி பெறுங்கள்.

கேள்வி: ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்க்கிறார்களே தவிர கைகொடுப்பதில்லை.
- வாசகர், மன்னார்குடி

பதில்: வரைபடத்தை முடித்துவிட்டு ஆள் கூப்பிட்டால் அப்படித்தான் ஆகும். அவர்கள் தீர்மானிக்க ஒன்றுமே மிச்சமில்லையே! முதலில் இடத்தைக் கேளுங்கள். மாடு போகும் தடம், தேர் திரும்பும் முனை, அறுவடை இயந்திரம் நுழையும் வழி எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஈர்க்குச்சியில் பத்தில் ஒரு பங்கு மாதிரி செய்து டீக்கடையில் வைத்தால், தானாகவே ஆளுக்கொரு திருத்தம் சொல்வார்கள். வேலையையும் இருபது நிமிடத்தில் முடியும் துண்டுகளாக்குங்கள்: ஒரு ஓலைக்கிளி, ஒரு முழம் வைக்கோல் பின்னல். வயல்வேலை முடிந்து வருகிறவரும் ஒன்றைச் செய்து மாட்டிவிட்டுப் போகலாம். ஓலை முடைபவருக்கும் குயவருக்கும் அன்றாடக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் இதில் ஆசிரியர்கள்; ‘கலைச்சேவை’ என்று சொல்லி இலவசமாக வேலை வாங்குவது நியாயமில்லை. ஜப்பானின் நீகட்டாவில் 2008 முதல் நெல் வைக்கோலில் பிரம்மாண்ட விலங்குகள் செய்கிறார்கள். வடிவம் கலைக்கல்லூரி மாணவர்களுடையது, வைக்கோல் அந்த ஊருடையது. டெல்டாவில் உங்களுக்கு வைக்கோலுக்கா பஞ்சம்?

கேள்வி: இயற்கை வண்ணம் எது நிற்கும்?
- வாசகி, காரைக்குடி

பதில்: மஞ்சள் வெயிலில் சில நாளில் வெளுத்துவிடும். மண் உருவத்துக்குச் சுண்ணாம்பில் காவி கலந்து, மெல்லிய பூச்சாக மூன்று முறை அடியுங்கள். காவி, சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கையில் ஒட்டும். ஓலைக்கும் மூங்கிலுக்கும் வண்ணமே வேண்டாம். நைலான் கயிறு, கட்டுக்கம்பி, பிளாஸ்டிக் பெயிண்ட் மூன்றையும் ஒதுக்கிவைத்தால், பிரிக்கும் நாளில் ஓலையையும் கயிற்றையும் அப்படியே தென்னைக்கு மூடாக்காகப் போட்டுவிடலாம்.