கண்டிக் கொடியும் லயத்து மக்களும்

அன்புள்ள ஐயா,

ஹட்டனில் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கிறேன். பர்மாவும் நாமும் 1948இல்தான் சுதந்திரம் பெற்றோம். பர்மா பொதுநலவாயம் வேண்டாம் என்றது, நாம் சேர்ந்தோம். இரண்டு நாட்டு மன்னர்களையும் நாடுகடத்தியது பிரித்தானியாதானே, பிறகு ஏன் இந்த வித்தியாசம் என்று ஒரு மாணவி கேட்கிறாள்.

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நல்ல கேள்வி. பர்மாவின் தீபோ மன்னரை 1885இல் படை வந்து கொண்டுபோனது. அந்த அவமானத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் அங்கே ஆட்சிக்கு வந்தார்கள். கண்டியிலோ 1815இல் பிரதானிகளே பிரித்தானியரோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1818 கிளர்ச்சி நசுக்கப்பட்ட கதையும் உண்டுதான். ஆனால் 1948இல் அதிகாரத்தை வாங்கியவர்கள் கொழும்பின் ஆங்கிலம் படித்த மேல்தட்டினர். அவர்களுக்குப் பிரித்தானியா பேசித் தீர்த்துக்கொள்ளக்கூடிய தரப்பு. கண்டியின் சிங்கக் கொடியை ஏற்றினார்கள், திருகோணமலையையும் கட்டுநாயக்காவையும் பிரித்தானியப் படைக்கு விட்டுவைத்தார்கள். இது உண்மையான சுதந்திரமா என்று கேட்டு, 1948 ஆகஸ்டில் சோவியத் யூனியன் நமது ஐ.நா. விண்ணப்பத்தை வீட்டோ செய்தது. பர்மா அந்த ஏப்ரலிலேயே உள்ளே போய்விட்டது. நாம் 1955 டிசம்பர் வரை காத்திருந்தோம்.

அதே ஆகஸ்டில் கொழும்புப் பாராளுமன்றம், இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமையை மறுத்த பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. உங்கள் மாணவிக்கு இதை அவசியம் சொல்லுங்கள். கோப்பிக்கும் தேயிலைக்கும் காடும் மேட்டுநிலமும் பறிபோனதைக் கண்டிச் சிங்களக் கிராமங்கள் மறக்கவில்லை. அந்த வலி நியாயமானது. ஆனால் துரைமாரின், அதாவது வெள்ளைக்கார முதலாளிகளின், கம்பெனிகள் தோட்டங்களில் அப்படியே இருக்க, கோபம் லயத்து மக்கள் மேல், தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்ந்த அந்தத் தமிழ்த் தொழிலாளர்கள் மேல், இறங்கியது. மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து, பாதையிலேயே செத்துப்போனவர்களின் நினைவும் ஏகாதிபத்திய நினைவுதானே! அதை எந்த அரசும் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளவில்லை. இலங்கையும் இல்லை, இந்தியாவும் இல்லை.

1964 அக்டோபரைப் பாருங்கள். மாதத் தொடக்கத்தில் கெய்ரோவில் கூடிய அணிசேரா மாநாட்டில் நமது பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இருந்தார்கள். காலனியத்துக்கு எதிராகத் தீர்மானங்கள் நிறைவேறிய மாநாடு அது. 30ஆம் திகதி டெல்லியில் அதே இருவரும் குடியுரிமை இல்லாத இந்த மக்கள் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி பிறகு பார்க்கலாம். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

உங்கள் வகுப்பிலேயே பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். வீட்டில் பழைய கடதாசிகள் இருந்தால் கொண்டுவரச் சொல்லி, ஐ.நா. பாடத்தோடு சேர்த்தே படிப்பியுங்கள்.