பிரசங்கத்துக்குப் பிறகு வாசிக்கப்பட்டவை

அன்புள்ள ஐயா,

தொடக்க கால மெதடிஸ்ட் சபைப் பத்திரிகைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பிரசங்கத்தையும் சபை அறிவிப்பையும் தவிர அவற்றில் வேறென்ன இருந்துவிடப் போகிறது? சபைக்கு வெளியே இருக்கும் நான் அவற்றை ஏன் படிக்க வேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பிரசங்கம் இருந்தது, நிறையவே இருந்தது. மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லி 1778இல் லண்டனில் தொடங்கிய அர்மினியன் மேகஸின், இறையியல் வாதத்துக்காகவே பிறந்த மாத இதழ். 1826இல் நியூயார்க்கில் கிறிஸ்டியன் அட்வகேட் வார இதழ் வந்தது. குதிரையேறி ஊர் ஊராகச் சுற்றிய போதகர்களே அதற்குச் சந்தா சேர்த்தார்கள். சில ஆண்டுகளிலேயே சந்தா 25,000ஐ எட்டியது.

ஆனால் நீங்கள் படிக்க வேண்டியது வேறு. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சபையான ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபையின் கிறிஸ்டியன் ரெக்கார்டர், 1852 முதல் அந்தப் பெயரில் வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகள் விடுதலையானதும், ‘தகவல் தேவை’ என்ற சிறு விளம்பரங்கள் அதில் குவிந்தன. என் அம்மாவின் பெயர் இது, எங்கள் எசமான் இன்னார், இன்ன ஆண்டில் என்னை இன்ன ஊர்க்காரனுக்கு விற்றார்கள், அவளைப் பற்றி யாருக்காவது தெரியுமா? நாலைந்து வரிதான். எசமான் மாறினால் குடும்பப் பெயரும் மாறிவிடக்கூடும். அதனால் அம்மாவைத் தேட அவளை விற்றவனின் பெயரையே அடையாளமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வரிகளை என்னால் ஒரே மூச்சில் படித்து முடிக்க முடிந்ததில்லை.

1877இல் நியூ ஆர்லியன்சின் சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட் இதற்கென்றே ‘தொலைந்த நண்பர்கள்’ என்றொரு பத்தியைத் தொடங்கியது. சந்தாதாரருக்கு இலவசம், மற்றவருக்கு 50 சென்ட். போதகர்கள் இவற்றைப் பிரசங்க பீடத்திலிருந்து வாசிக்க வேண்டும் என்று பத்திரிகை கேட்டுக்கொண்டது. தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்தறிவிப்பதே குற்றமாக இருந்தது. தேடப்படுகிறவர் படிக்கத் தெரியாதவராக இருக்கலாம், ஆனால் ஞாயிறு ஆராதனையில் ஏதோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். போதகரின் குரல் வழியாக அச்செழுத்து அவர் காதுக்குப் போனது. எனக்குத் தெரிந்து ஒரு சபைப் பத்திரிகை செய்த மிகப் பெரிய ஊழியம் இதுதான்.

அபூர்வமாகச் சிலர் தொலைந்த உறவுகளோடு மீண்டும் சேர்ந்தார்கள், அந்தச் சேதியும் அச்சேறியது. 1900களின் தொடக்கத்திலும் அந்தப் பத்தி வந்துகொண்டிருந்தது. அதற்குள் தேடுகிற பிள்ளைகளே கிழவர்களாகிவிட்டார்கள்.

அன்புடன்