கடைசில சாகடிச்சுத்தான் முடிக்கணுமா? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் அண்ணா,

இலங்கையில கிழக்குப் பக்கம், தம்பிலுவில்ல இரிந்து எழுதுறன். நம்மட தமிழ்ப் படங்கள்ள ஏன் கடைசில ஆக்கள சாகடிச்சே முடிக்கிறாங்க? பருத்திவீரன் பாத்துத்து எனக்கு மூணு நாள் சோறு இறங்கல்ல. நம்மட சனம் பட்டது காணாதா, காசு குடுத்து வேற அழணுமா? இப்பல்லாம் முடிவு என்ன எண்டு நெட்ல பாத்துத்துத்தான் படம் பாக்கிறன். அம்மாவுக்கு மட்டும் அழுகப் படம்தான் வேணும், ஏன் எண்டு கேட்டா சிரிக்கிறா. நீங்க சொல்லுங்க.

ஒரு தங்கச்சி

தங்கச்சி,

நம்மட படங்கள் பெரும்பாலும் கலியாணத்திலயும் குரூப் போட்டோவிலயும்தான் முடியிது, ஆனா அதெல்லாம் மனசில நிக்கிறல்ல, அழவச்ச படம்தான் நிக்கிது. அதுவும் 1999ல சேது வந்ததில இரிந்து ஒரு பத்து வருசம், காதல், பருத்திவீரன், சுப்பிரமணியபுரம் எண்டு வரிசையா வந்திச்சி, ஒண்டில் சாவு இல்லாட்டி பைத்தியம். மறுகா வந்த கன பேர் கடைசில ஒரு பிணத்தப் போட்டாலே அது நல்ல படம் எண்டு நினைச்சிட்டாங்க. அவங்களோட எனக்கும் கோவம்தான்.

ஆனா உங்கட அம்மா ஏன் சிரிச்சா எண்டு எனக்கு கொஞ்சம் விளங்குது. தொண்ணூறுகள்ள எங்கட ஊர்ல கரண்ட் இல்ல. ஜெனரேட்டரும் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து யார்ர வளவுக்குள்ளயாச்சும் வச்சி விடிய விடிய மூணு படம் ஓட்டுவாங்க, ரெண்டாவது படத்துக்கே பொடியனுகள் எல்லாம் பாயில நித்திரை, பொம்புளையள்தான் முழிச்சிருப்பாங்க. ஒருநாள் பாசமலர். கடைசில கண்ணு தெரியாத சிவாஜி "கைவீசம்மா கைவீசு, கடைக்குப் போகலாம் கைவீசு" எண்டு சொல்ற இடம் இரிக்கே, அதில எங்கட பெரியம்மா சீலத் தலப்ப வாய்க்குள்ள திணிச்சித்து அழுதா பாருங்க, ஜெனரேட்டர் சத்தத்தையும் தாண்டிக் கேட்டிச்சி. அவட மூத்த மகன் 90ல சண்டைக்குள்ள கடைக்கெண்டு போனவர், வரல்ல. உடம்பும் இல்ல செய்தியும் இல்ல, அதால செத்தாக்களுக்குச் செய்யிற அந்தியேட்டிச் சடங்கும் செய்யல்ல. ஊராக்களுக்கு முன்னால அழவும் பயம், அழுதா "அவன் செத்துத்தான் போனான் எண்டு தாயே முடிவு கட்டித்தா" எண்டு கதைப்பாங்க. விடியப்புறம் பிளேன்டி ஊத்தித் தரக்குள்ள நான் கேட்டன், பழைய படம்தானே பெரியம்மா, அதுக்கா இப்பிடி அழுதீங்க எண்டு. உள்ளங்கையில கிடந்த சீனிய நக்கித்துச் சொன்னா, "படத்துக்கு அழுதா ஒருத்தரும் ஏன் எண்டு கேக்க மாட்டாங்க மனே."

சரி, அப்ப எந்தச் சாவும் சரியா? இல்ல கா. உங்கட ஊர்லயே கண்ணகி அம்மன் கோயில் இரிக்கி. வைகாசிச் சடங்கில கண்ணகி வழக்குரை ஏடு படிக்கக்குள்ள கோவலன் வெட்டுப்படுறான், மதுரை எரியிது, முடிவு எல்லாருக்கும் முன்னுக்கே தெரியும், நெட்ல பாக்கத் தேவல்ல. ஆனா மதுரை எரிஞ்சதோட ஏட்ட மூடித்து நாம ஊட்ட போறல்லயே, குளிர்த்தி பாடுறம், அம்மன்ட கோவம் ஆறுமட்டும் பாடுறம். வடமோடிக் கூத்திலயும் அப்பிடித்தான், பாரதத்து அபிமன்னன் விழுந்தாப் பிறகும் புலம்பல் கிடக்கு, மத்தளமும் சல்லாரித் தாளமும் இறங்கி இறங்கி வந்து வாழி பாடித்துத்தான் கூத்துக் களரியக் கலைக்கிற. (செத்த அபிமன்னன் களரிக்குப் பின்னால நிண்டு பீடி பத்துறத நான் என்ட கண்ணால பாத்திரிக்கன், அதுவும் ஒரு ஆறுதல்தான்.)

இப்பத்தப் படங்கள்ள எனக்குப் புடிக்காதது சாவு இல்ல, அந்த அவசரம். சுட்டான், விழுந்தான், பேர் ஓடுது, தியேட்டர்ல லைட்டப் போட்டுட்டான், கண்ணத் துடைக்கவும் நேரமில்ல. பருத்திவீரன் பெரிய படம்தான், ஆனா அந்தக் கடைசி நிமிசங்கள் எனக்கும் ஏலாது, மதுரைய எரிச்சித்து குளிர்த்தி பாடாமப் போன மாதிரி அப்பிடியே உட்டுட்டுப் போயிடுது, உங்களுக்குச் சோறு இறங்காததில ஒரு பிழையும் இல்ல.

மூன்றாம் பிறையப் பாருங்க. 1982ல நம்மட மட்டக்களப்பு அமிர்தகழி பாலு மகேந்திரா எடுத்த படம், அதில கடைசில ஒருத்தரும் சாகிறல்ல. மழைக்குள்ள ஸ்டேசன்ல கமல், நினைவு இல்லாத காலத்தில தான் பாத்த ஸ்ரீதேவிக்கு, சட்டிய தலையில வச்சித்து குரங்கு மாதிரி ஆடிக் காட்டுறார், நினைவு திரும்பின அந்தப் பொம்புள யாரோ பைத்தியம் எண்டு நினைக்கிறா, கோச்சி போகுது. தொல்காப்பியர் அழுகை எதால வரும் எண்டு நாலு காரணம் சொல்லக்குள்ள இழவுக்கும் முதல்ல இளிவத்தான் வச்சார், அதாவது ஒருத்தன் கேவலப்பட்டு நிக்கிறது. அந்த ஸ்டேசன்ல நடக்கிறது அதுதான், செத்திருந்தாக்கூட அவ்வளவு அழுகை வந்திராது. பாலு மகேந்திரா அவசரப்படவும் இல்ல, ஆட உட்டு, விழ உட்டு, எழும்ப உட்டு, கோச்சி போனாப் பிறகும் அந்த மனுசன அங்கயே நிக்க வச்சிருக்கார், நாம அழுது முடியுமட்டும்.

அத அம்மாவோட சேந்து பாருங்க கா. முடிவத்தான் நான் சொல்லித்தன், பரவால்ல, அது தெரிஞ்சி பாத்தாலும் குறையாது. ஆனா அவட மூஞ்சியப் பாக்காதீங்க, ஏன் அழுறீங்க எண்டும் கேக்காதீங்க. படம் முடிஞ்சோடன ரிமோட்ட எடுக்காம அவ எழும்புமட்டும் சும்மா பக்கத்தில இரிங்க.